மேட்டுப் பாதை வரைபடத்தில் ஏறிய வருடம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அண்ணனுக்கு விளக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். ஆயர் கெரோவில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில், போக்குவரத்துத் திட்டப் பிரிவில் இருக்கிறேன். வெள்ளம் வந்து சாலைகள் அறுந்துபோனால் அவற்றைத் திறந்துவிடும் இயந்திரங்களையும் ஆட்களையும் எங்கே தயாராக வைத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வதுதான் நான் சொல்லப்போகும் இரண்டு மூன்று வருடங்களில் என் வேலை. மண்வாரி இயந்திரம், தண்ணீர் இறைக்கும் பம்புகள், உயரமான சக்கரம் வைத்த லோரிகள், துண்டு துண்டாகக் கொண்டுபோய் ஒரே நாளில் பூட்டக்கூடிய இரும்புப் பாலம், இரண்டு படகுகள், டீசல். இவையெல்லாம் இருக்கும் இடத்துக்கு மீட்பு நிலையம் என்று பெயர். தப்பான இடத்தில் அதைக் கட்டினால், வெள்ளம் வரும் அன்று நிலையமே தண்ணீரில் நிற்கும். அல்லது நிலையம் காய்ந்த தரையில் பத்திரமாக இருக்கும், அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்கு வழி இருக்காது.

இதையெல்லாம் நான் வரைபடம் விரித்து மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அண்ணன் கேட்டார்: “ஆக, வெள்ளம் வந்தா மிஷின எங்க பார்க் பண்றதுன்னு பாக்குற. இதுக்கா லா உன்ன யூனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்?”

அனுப்பியது அவர்தான். அதனால் அப்படிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஜாசின் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் டிராக்டர் ஓட்டியவர். இனிப்பு நீர் நோய் முதலில் ஒரு கால்விரலைக் கொண்டுபோயிற்று, பிறகு இரண்டு சிறுநீரகங்களையும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தெங்கேராவில் உள்ள ஒரு சிகிச்சை மையத்துக்கு வந்து இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ள வேண்டும். ஒரு தவணை தவறினால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். இரண்டு தவறினால் என்ன ஆகும் என்று அங்குள்ள தாதி முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். என்னுடைய வேலையின் மொழியில் சொன்னால், அவர் வீட்டுக்கும் தெங்கேராவுக்கும் இடையில் உள்ள வழி இரண்டு நாளுக்கு மேல் அடைபடக் கூடாது.

ஆகவே மீட்பு நிலையம் எங்கே அமையும் என்பதில் எனக்குச் சொந்தக் காரணம் இருந்தது. அதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

கடைசிப் பட்டியலில் இரண்டு இடங்கள் மிஞ்சியிருந்தன. ஒன்று பத்து பெரண்டாம் என்ற ஊரில், தொழிற்சாலைகளுக்கு அருகில். இன்னொன்று ஒரு கம்போங்கின், அதாவது மலாய்க் கிராமத்தின், சந்தியில், மேட்டு நிலத்தில். அந்தச் சந்தி, அண்ணன் குடியிருக்கும் எங்கள் தோட்டத்தின் முதுகுப்பக்கம் இருந்தது. எங்கள் கணினி முறை எளிமையானதுதான். ஊர்களெல்லாம் புள்ளிகள், சாலைகளெல்லாம் கோடுகள். ஒவ்வொரு கோடாக அறுத்துப் பார்ப்போம். அறுத்த பிறகு எந்த நிலையத்திலிருந்து எத்தனை புள்ளிகளை எவ்வளவு சீக்கிரம் எட்ட முடிகிறது என்று பார்ப்போம். தோட்டத்துக்குள் இருக்கும் சாலைகள் தனியார் சாலைகள் என்பதால் அவை அரசாங்கப் பட்டியலில் கிடையாது. அதனால் தோட்டத்து ஜனங்களுக்கான புள்ளியைத் தோட்டத்தின் கேட்டிலேயே வைத்துவிடுவது எங்கள் வழக்கம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள் கேட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே. அந்த இரண்டு மைலில் பள்ளமான இரண்டு இடங்கள், அங்கே இரண்டு சிறு பாலங்கள். மழை கொஞ்சம் பலமாகப் பெய்தாலே அவை முழுகும். கணினிக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். லயத்துக்குப் பின்னால் ஒரு பாதை உண்டு. பக்கத்துத் தோட்டத்தின் மேட்டில் ஏறி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஒரு டிராக்டர் போகும் அகலத்தில் ஓடி, அந்தக் கம்போங் சந்தியில் போய் விழும். என்ன மழை பெய்தாலும் அது முழுகியதில்லை. நடுவில் ஒரு சங்கிலி, ஒரு காவல் கொட்டகை. எங்கள் ஆட்கள் அதை ரோடு என்றோ வழி என்றோ சொல்லமாட்டார்கள். “மேல போயிட்டு வரேன்” என்பார்கள், அவ்வளவுதான். வெள்ளக் காலத்தில் பிரசவத்துக்குப் போனவர்களும் பரீட்சைக்குப் போனவர்களும் அந்த வழியாகத்தான் போனார்கள். நானே பள்ளி இறுதியில் எஸ்.பி.எம். கணிதத் தேர்வுக்கு, அண்ணனின் டிராக்டரில் செம்பனைக் குலைகளுக்கு நடுவே உட்கார்ந்து அப்படித்தான் போனேன்.

ஊர் ஊராகப் போய் ஆய்வுப் படிவம் நிரப்பும் வேலையில் எங்கள் தோட்டம் என் பங்கில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சிரப்புத் தண்ணீர், எனக்கு ஒரு மாலை வேறு. கழுத்தில் அலுவலக அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நான் பிறந்த இடத்திலேயே விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணி, கைகளைப் பின்னால் கட்டியபடி தூணோரம் நின்றிருந்தார்.

“வெள்ளம் வந்தா எந்த வழியா வெளிய போவீங்க?” என்று படிவத்தில் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

“கேட்டு ரோடுதான்,” என்றார் முதலில் உட்கார்ந்திருந்த அண்ணி. அதே தோட்டத்தில் உரம் போடும் வேலை அவருக்கு. அடுத்தவரும் கேட்டு ரோடு. அதற்கடுத்தவரும் கேட்டு ரோடு. வரிசையாக, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல். கடைசியில் அண்ணன் முறை வந்தது. போன மழைக்கு அவர் மேட்டுப் பாதையில்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும், கம்போங் பக்கம் காரோடு காத்திருந்ததே நான்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மண்டபத்துக் கூரையைப் பார்த்தார்.

“கேட்டு ரோடு. எழுதிக்க லா.”

தூணோரம் ஒரு கிராணி நின்றால் போதும், இன்னும் வாய் பொத்திக்கொள்கிறார்களே, எத்தனை தலைமுறை ஆனாலும் இந்தப் பயம் இவர்களை விட்டுப் போகாதா என்று உள்ளுக்குள் பொருமினேன். கேட்காத கேள்விக்கு என்னிடமே பதில் இருந்ததால் ஏன் என்று ஒருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பட்டப்படிப்பு எனக்குக் கொடுத்த மண்டைக்கனம் அது.

சரி, எனக்குத் தெரிந்ததை நானாவது எழுதியிருக்கலாமே. எழுதவில்லை. எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் தமிழ். ‘நிலையத்தை உன் தோட்டத்து வாசலுக்கே இழுத்துக்கொண்டு போய்விடாதே’ என்று சக ஊழியர் ஒருவர் ஏற்கெனவே விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு விளையாட்டுப் பேச்சுக்கு நான் அவ்வளவு பயந்தேன். படிவத்தில் சொன்னதுதான் தரவு, நான் அறிந்தது தரவாகாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் பேசி, எல்லாக் கட்டத்திலும் கேட்டு ரோடு என்றே நிரப்பினேன். அவர்கள் பயந்தார்கள் என்று பொருமியவள் செய்த காரியம் இது.

கணினி சொன்ன முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டு ரோட்டை வைத்துப் பார்த்தால் பத்து பெரண்டாம்தான் வெல்லும், பெரிய சாலை நேராக எங்கள் கேட்டுக்கே வருகிறது. எங்கள் மேலாளர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர். வேலை சுத்தமாக இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வேலை கொடுத்த இலாகாவும் ஏற்றுக்கொண்டது. நிலையம் கட்டி முடியும்வரை இயந்திரங்களைத் தற்காலிகமாக அதே பத்து பெரண்டாமில் ஒரு கொட்டகையில் நிறுத்தினார்கள். செய்தி கேட்டு அண்ணன் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். “தங்கச்சி போட்ட பிளான் லா. இனிமே தண்ணி வந்தா அரமணி நேரத்துல மிஷின் வந்து நிக்கும்.” அரை மணி என்று நான் சொல்லவேயில்லை. அவருக்கு என் மேல் இருந்த பெருமை நேரத்தைக் குறைத்துவிட்டது.

அந்த வருடக் கடைசியிலேயே வெள்ளம் வந்தது. வியாழக்கிழமை காலை, அவருடைய தவணை நாள். இரண்டு சிறு பாலங்களும் முழுகிவிட்டன. பத்து பெரண்டாமிலிருந்து மண்வாரி புறப்பட்டு, எங்கள் கணக்கில் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே தோட்டத்துக் கேட்டுக்கு வந்து நின்றது. அங்கேயே நின்றது. உள்ளே தனியார் நிலம், அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார் இயந்திரம் ஓட்டியவர். தோட்டத்து மேனேஜர் கோலாலம்பூரில் இருந்தார். கடிதம் வருவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. கடிதம் வந்தபோது முதல் பாலத்துக்குக் கீழே இருந்த மண்ணைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

அண்ணன் காலை ஆறு மணிக்கே குளித்து, சட்டை மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். மேலே போய்விடலாம், டிராக்டர் இருக்கிறது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவர் அசையவில்லை. மிஷின் வரும், தங்கச்சி போட்ட பிளான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். எப்போதும் போல் அவர் மேட்டில் ஏறியிருந்தால் பத்து மணிக்குத் தெங்கேராவில் ஊசி ஏறியிருக்கும். நான் திட்டம் என்று ஒன்று போட்டதனால்தான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவரை டிராக்டரில் மேட்டுப் பாதை வழியாகக் கொண்டுவந்தார்கள். கம்போங் சந்தியில் நான் காரோடு நின்றேன். முகம் ஊதியிருந்தது, இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒருமுறை மூச்சு வாங்கினார். என்னைப் பார்த்ததும் ஆறுதல் சொன்னது அவர்தான்.

“மிஷின் வந்துச்சு லா. கேட்டு வரைக்கும்… கரெக்டா வந்துச்சு.”

காரை ஓட்டிக்கொண்டே அழுதேன். ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்து பிழைத்துக்கொண்டார்.

அவர் மருத்துவமனையில் இருக்கும்போதே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி மறைக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு, இடங்காட்டிக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டுப் பாதை முழுவதும் நடந்தேன். வளைவு, அகலம், உயரம், சங்கிலி இருக்கும் இடம், காவல் கொட்டகை எல்லாவற்றையும் குறித்தேன், படம் எடுத்தேன். காவல்காரப் பெரியவர், வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது என்று என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். லயத்தில் யாரிடமும் நான் கேட்கவில்லை. நல்லதுதானே செய்கிறோம், எதற்குக் கேட்பது?

அலுவலகத்தில் அந்தக் கோட்டைச் சேர்த்து, புள்ளியைக் கேட்டிலிருந்து லயத்துக்கு நகர்த்தி, மறுபடி கணக்கிட்டேன். இந்த முறை கம்போங் சந்திதான் வென்றது. எங்கள் தோட்டம் மட்டுமில்லை, அக்கம்பக்கத்துக் கம்போங்குகளும் சேர்ந்து பயன்பெறும் இடம் அது. மேலாளர் திரையில் அந்தப் புதிய கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இந்தப் பாதை ஏன் ஆய்வில் வரவில்லை?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லவில்லை,” என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து பெரண்டாமில் நிரந்தர நிலையத்துக்கு நிலத்தைச் சமன்படுத்தும் வேலை தொடங்கிவிட்டது, இனி இடத்தை மாற்ற முடியாது, ஆனால் திருத்திய வரைவில் இதை மாற்றுவழியாகக் காட்டலாம் என்றார். எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது. மாற்றுவழி என்று சிவப்புப் புள்ளிக்கோடு போட்டு, கீழே படங்களையும் சேர்த்தேன். விதிப்படி, வரைவு அதில் வரும் நிலங்களின் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கருத்துக் கேட்டு அனுப்பப்பட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும்தான்.

அவர்கள் கருத்து ஒன்றும் எழுதியனுப்பவில்லை. ஒரு மண்வாரியைக் கொண்டுவந்து, சங்கிலி இருந்த இடத்தில் பாதைக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான ஒரு பள்ளம் வெட்டினார்கள். பக்கத்தில் குலை திருட்டு, மாடு நுழைகிறது, அத்துமீறக் கூடாது என்று பலகை வைத்தார்கள். பெரியவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவரை யாரும் காட்டிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. நான் எடுத்த படத்தில், கொட்டகைக்கும் திறந்து தொங்கும் சங்கிலிக்கும் நடுவே அவர் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தார்.

நான் போனபோது அண்ணி வீட்டு வாசலில் உரச்சாக்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

“படிச்சவ நீ. ஒரு வார்த்த கேட்டியா எங்கள?”

“இல்ல அண்ணி, அன்னிக்கு மண்டபத்துல யாருமே சொல்லலயே. கிராணி நிக்கிறாருன்னு பயந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

“பயமா? கிராணியே அந்த வழியாதான் போவாரு லா! அவரு எதுக்கு அங்க நின்னாருன்னு நெனக்கிற? புதுசா வந்தவன் எவனாச்சும் வாய ஒளறிடப் போறான்னுதான் நின்னாரு. அது எங்க நிலமா? கேட்டா பக்கத்துத் தோட்டக்காரன் இல்லன்னுதான் சொல்லுவான். அதான் கேக்கல. வருசாவருசம் தீவாளிக்கு அந்தப் பெரியவருக்கு முறுக்கு போவும், அவரு சங்கிலிய பூட்டாம தொங்கவுடுவாரு. அவ்ளோதான் எங்க பர்மிட்டு. எழுதுனா போயிடும்னு இங்க உள்ள எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும் தெரியல.”

இத்தனை வருடம் எல்லோரும் சேர்ந்து, ஒரு காகிதத்திலும் ஏறவிடாமல் காப்பாற்றிய பாதை அது. வெள்ளத்துக்கு அசராத ஒரு போக்குவரத்து ஏற்பாட்டை, எனக்கு முன்பே, என்னைவிட நன்றாகத் திட்டமிட்டு வைத்திருந்தார்கள். நான் போய் அதற்குச் சிவப்புப் புள்ளிக்கோடு போட்டேன்.

அண்ணன் மட்டும் என்னைத் திட்டவில்லை. “வுடு லா, நல்லதுக்குத்தான செஞ்ச” என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

புக்கிட் பெருவாங்கில் என் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். அண்ணி வேலையை விட்டால் லயத்து வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அவர் மட்டும் தனியாக வரவும் மனமில்லை. வந்தால் நான்கு நாள் இருப்பார், ஐந்தாம் நாள் சட்டையை மடித்துப் பையில் வைத்துவிடுவார். அடுத்த மழைக்காலத்தில், வானிலை எச்சரிக்கை வந்த திங்கட்கிழமையே போன் செய்து இன்றே கிளம்புங்கள் என்றேன். “நாளைக்குத்தான தவண, காலைல வேன் வரும், அப்படியே உன் வீட்டுக்கு வந்துர்றேன்” என்றார். செவ்வாய் விடியும்போதே இரண்டு பாலங்களும் தண்ணீருக்கு அடியில் இருந்தன.

புதிய நிலையத்திலிருந்து மண்வாரி வந்தது, படகும் வந்தது. முன்னதாகவே வாங்கிவைத்திருந்த அனுமதிக் கடிதமும் இந்த முறை வந்தது. ஆனால் அன்று ஓடிய தண்ணீரின் வேகத்தில் படகை இறக்க முடியாது என்று விட்டார்கள். புதன்கிழமை முழுவதும் கேட்டருகே நின்று பார்த்தேன். தோட்டத்தின் பின்பக்கம், அண்ணனை டிராக்டரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பள்ளத்தில் கழுத்தளவு தண்ணீர். கதவு ஒன்றைக் கழற்றி அதில் கிடத்தி அந்தப்பக்கம் கடத்திவிடலாம் என்று பார்த்திருக்கிறார்கள், கரை சரிந்து முடியவில்லை. வியாழன் காலை தண்ணீர் வேகம் குறைந்து படகு உள்ளே போனபோது, அவர் இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதே படகில்தான் கொண்டுவந்தார்கள்.

கருமாதி முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம், வெள்ளத்தின்போது மீட்பு நிலையம் எப்படிச் செயல்பட்டது என்ற அறிக்கை என் மேசைக்கு வந்தது. ஊர்வாரியாக ஒரு அட்டவணை. வேறு யாராவது செய்யட்டும், லீவு போட்டுக்கொள் என்றார் மேலாளர். நானே செய்கிறேன் என்றேன். எங்கள் தோட்டத்தின் வரிசையில், இயந்திரம் சென்றடைந்த நேரம் என்ற கட்டத்தில் கேட்டை அடைந்த நேரத்தைப் போட்டேன். இலக்கை எட்டியதா என்ற கட்டத்தில் ஆம் என்று போட்டேன். உயிரிழப்பு என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டேன்.

இரண்டு நாளில் அது இலாகாவிலிருந்து திரும்பி வந்தது. அந்த ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். மரணச் சான்றிதழில் காரணம் சிறுநீரகச் செயலிழப்பு என்று இருப்பதால், இதை வெள்ள உயிரிழப்பாகக் கணக்கில் கொள்ள முடியாது, திருத்தி அனுப்பவும். மேலாளர் என் அருகில் வந்து நின்றார். எதிர்த்து எழுதலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அந்தக் கட்டத்தைத் திறந்தேன். ஒன்றை அழித்துவிட்டு, மலாயில் ‘தியாடா’ என்று அடித்தேன். இல்லை என்று பொருள். பிறகு சேமித்து அனுப்பினேன்.